சிறைப்புறத்தில் யாரோ

2025 ஏப்ரல் 9, புதன்

இன்று மத்தியானம் முழுக்க என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். எதிரிக்கும் வரக்கூடாத தண்டனை.

ஒரு பார்ட்டியோடு டிமரேஜ் தகராறு, அதாவது கன்டெய்னரைக் கெடு தாண்டி வைத்ததற்கான கட்டணம். அவர்கள் கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ் வியாழனோடு முடிகிறது என்று போனில் சொன்னவள் நான். வெள்ளி என்று சொன்னதாக அவர்கள் சாதிக்கிறார்கள். ஆபீஸ் போனில் எல்லாக் காலும் தானாகப் பதிவாகும். "தேடி எடும்மா" என்றார் முதலாளி. கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. வியாழன்தான், நான் ஜெயித்தேன். ஆனாலும் இயர்போனைக் கழற்ற மனசு வரவில்லை.

மணலியில் ட்ரெய்லர் வைத்திருக்கும் அண்ணனிடம்: "இன்னாண்ணே, வண்டி இன்னும் ஜீரோ கேட்டாண்டயே நின்னுனுகீதா?" அடுத்த கால் கோயம்புத்தூர்ப் பார்ட்டி: "சொல்லுங்க. வண்டி கேட்டுகிட்ட நிக்குதுங்க. ஒரு மணி நேரத்துல உள்ள போயிருங்க." அதே வண்டி, அதே கேட், நடுவில் இரண்டு நிமிஷம். சவுகார்பேட்டை சேட்டிடம் என் ஓட்டை இந்தி. மும்பையில் கப்பல் கம்பெனிக் கால்சென்டர் பெண்ணிடம் மூக்கால் ஓர் இங்கிலீஷ். அப்புறம் ஓர் அதிகாரி. அவரிடம் பேசியது இரண்டு நிமிஷம் பத்து வினாடி. அதில் எத்தனை 'சார்' என்று எண்ணினேன். பதினான்கு. குரலும் சுருதி ஏறி, மார்க் ஷீட் வாங்கப் போன பத்தாம் வகுப்புப் பெண் போல இருந்தது.

பி.ஏ. தமிழ் படித்துவிட்டுக் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் உட்கார்ந்தவளுக்கு இது தேவைதான். ஒன்றே ஒன்று ஆறுதல்: வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசும்போது இந்த வேஷம் எதுவும் கிடையாது.

ஏப்ரல் 10, வியாழன்

கல்லூரித் தோழி ஒருத்தி மொழியியலில் ஆய்வு செய்கிறாள். நேற்றைய கூத்தை வாட்ஸப்பில் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு கட்டுரையைப் பற்றி எழுதி அனுப்பினாள். ஆலன் பெல் என்ற நியூசிலாந்துக்காரர் 1984-இல் எழுதியது.

வெலிங்டனில் ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பாயின. ஒன்று தேசிய நிலையம், படித்த மேட்டுக்குடி கேட்பது. இன்னொன்று உள்ளூர் ஜனங்கள் கேட்பது. செய்தி வாசிப்பவர்கள் இரண்டிலும் அதே ஆட்கள். வாசிக்கிற செய்தியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் 'ரைட்டர்' மாதிரி ஒரு சொல் வந்தால் தேசிய நிலையத்தில் 'ட்' அழுத்தமாக விழும், உள்ளூர் நிலையத்தில் அது 'ரைடர்' ஆகக் குழையும். மாறியது கேட்பவர் மட்டும்தான். அந்தக் கேட்பவர் வாசிப்பவரின் கண்ணில்கூடப் படுவதில்லை.

கேட்பவர்களை பெல் நாலு வகையாகப் பிரிக்கிறார். நாம் யாரிடம் பேசுகிறோமோ அவர். கூட இருந்து கேட்பவர். அங்கே நிற்பது தெரியும், ஆனால் பேச்சில் சேராதவர். நிற்பதே தெரியாமல் ஒட்டுக் கேட்பவர். எங்கள் ஆபீஸ் போன் எதில் சேரும் என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு கண்ணடிக்கும் பொம்மை வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. விடியற்காலையிலேயே ராயபுரத்துத் தெருக்களில் ஓலையும் பாட்டுமாக ஜனங்கள். நாளை நள்ளிரவோடு விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்குகிறது, ஜூன் 14 வரை 61 நாள். அதனால் காசிமேட்டில் இன்று கால் வைக்க இடமில்லை. நாலரை மணிக்கே அம்மாவோடு போய்விட்டேன், கூடை தூக்க. உண்மையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார.

முப்பத்தைந்து வருஷமாக மீன் விற்கிறாள் என் அம்மா. அவள் பேசுவதை இன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வஞ்சிரத்தை ஒரு மலையாள நர்ஸம்மாவிடம் "சேச்சி, நெய்மீன்" என்றாள். பைக்கில் வந்த வடக்கத்திப் பையன்களிடம் அதே மீன் "சுர்மை, பையா, சுர்மை." நர்ஸம்மா பக்கத்துக் கூடையைப் பார்த்தவுடன் கானாங்கத்தி 'அயில' ஆயிற்று. வங்காளி ஒருவர் வந்ததும் கூடையின் அடியிலிருந்து உள்ளம் மீனை எடுத்து, வேறு ஒரு வார்த்தையும் பேசாமல், "இலிஷ்" என்றாள். அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரிலிருந்து தந்தி வந்த மாதிரி. விலையே கேட்கவில்லை.

ஐ.டி. கம்பெனி ஜோடி ஒன்று வந்தது. அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். அவளிடம் அம்மா பேசியது எனக்கே புதிது. "ஒரே நடுமுள்ளு தாம்மா. சுத்தமா கிளீன் பண்ணித் தர்றேன், வீட்ல போய்க் கழுவிப் போட வேண்டியதுதான்." 'தரேன்' இல்லை, 'தர்றேன்'. சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்டது. பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவிடம் அடுத்த மூச்சில், "யக்கா, அந்தக் கத்திய இப்டி தள்ளு, இந்தாண்ட மழுங்கிக்கினு கீது."

கடைசியில் வந்த ஒருவர் பேரம் பேசியே கொல்லுகிறார். அம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பி, "காத்தால ஓட்டல்காரரு ஆயிரத்து இருநூறுன்னாரே, அவருக்கே குடுத்திருக்கலாம் போலக்கா" என்றாள். எந்த ஓட்டல்காரரும் வரவில்லை. பெரியம்மாவும் கண்ணிமைக்காமல், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றாள். அந்த ஆள் பர்ஸை எடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "ஏம்மா, ஒவ்வொருத்தர் கிட்ட ஒவ்வொரு மாதிரி பேசறியே, ஒரு மாதிரியா இருக்காதா உனக்கு?"

"இன்னா மாதிரியா இருக்கும்? மீனுக்கு ஏத்த கத்தி."

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒண்ணு. லீவு. பரணிலிருந்து கல்லூரிப் புத்தகங்களை இறக்கினேன். நேற்று அந்த ஓட்டல்காரர் கதையைக் கேட்டபோது மண்டையில் ஒரு சொல் தட்டியது: சிறைப்புறம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் எத்தனையோ பாட்டுகளின் அடியில் இந்தக் குறிப்பு இருக்கும். தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தோழி அவனைப் பார்க்காதவள் போலத் தலைவியிடம் பேசுகிறாள். காவல் கடுமையாகிவிட்டது என்பாள், அம்மா சந்தேகப்படுகிறாள் என்பாள். சொல்வது இவளிடம், போய்ச் சேர வேண்டியது அவனுக்கு: சீக்கிரம் வந்து கல்யாணம் பண்ணிக்கொள். பெல்லின் மூன்றாவது வகை ஆள், வெலிங்டன் ஸ்டூடியோவுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் முன்னாலேயே எங்கள் ஊர் வேலி ஓரத்தில் நின்றிருக்கிறான். எங்கள் குழாயடியில் இதற்கு 'ஜாடை பேசறது' என்று பெயர். அதில் முனைவர் பட்டம் வாங்கத் தகுதியுள்ளவர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஆறு பேர் தேறுவார்கள்.

தொல்காப்பியத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எச்சவியலில் 'ஈ', 'தா', 'கொடு'. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான், சமமானவனிடம் 'தா', தாழ்ந்தவனிடம் 'கொடு'. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இதில் ஒன்றும் உறைக்கவில்லை. இன்று படித்ததும் அந்தப் பதினான்கு 'சார்' காதில் ஒலித்தது. அந்தக் காலில் நான் கையெழுத்தை எப்படிக் கேட்டேன்? 'கொடுங்க' இல்லை. 'தாங்க' இல்லை. "கையெழுத்து கெடைக்குமா சார்?" கொடுக்கிற ஆளே அந்த வாக்கியத்தில் இல்லை. கையெழுத்து மரத்தில் காய்த்துத் தானாக என் மடியில் விழ வேண்டும். தொல்காப்பியருக்கு மூன்று, எங்கள் லைனில் இது நாலாவது.

அம்மா யாரிடமும் 'கெடைக்குமா' என்று கேட்டதில்லை. அவளுடையது கத்தி, என்னுடையது வேறு ஏதோ. இதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 16, புதன்

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த கோயம்புத்தூர்த் தம்பி நல்ல பிள்ளை. வாய்க்கு வாய் 'ங்க'. நான் காசிமேடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் பளிச்சென்று சிரித்தபடி வந்து, "இன்னாமே, நாஷ்டா துன்னுக்கினியா?" என்றான்.

ஆபீஸே அமைதியானது. எங்கள் பக்கம் 'மே' என்று புருஷன் பெண்டாட்டியைக் கூப்பிடலாம், சண்டையில் கூப்பிடலாம். என்னைவிடப் பத்து வயது சின்னவன் கூப்பிட முடியாது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "படத்துலெல்லாம் அப்படித்தானுங்களேக்கா" என்றான்.

படம்தான். 1958-இல் 'சபாஷ் மீனா'வில் ரிக்‌ஷாக்காரனாக மெட்ராஸ் பாஷை பேசிய சந்திரபாபுவே தூத்துக்குடிக்காரர். அவர் காது கொடுத்துக் கேட்டுப் பேசினார். பின்னால் வந்த படங்களில் எங்கள் பேச்சு ரவுடிக்கும் காமெடியனுக்கும் யூனிஃபார்ம் ஆகிவிட்டது. பாஷை என்னவோ அப்பாவி. தெலுங்கு 'நைனா', உருது 'நாஷ்டா', 'பேஜார்', டச்சுக்காரன் விட்டுப்போன 'துட்டு', வடமொழிக் 'கஸ்மாலம்'. துறைமுகத்துக்கு யார் வந்து இறங்கினாலும் அவனுக்கு ஏற்றபடி நாக்கைத் திருப்பித் திருப்பி உண்டானது. அதைப் பேசுகிறவர்களைத்தான் பேசத் தெரியாதவர்கள் என்கிறார்கள்.

தம்பி மத்தியானம் எனக்கு ஒரு இளநீர் வாங்கி வந்தான். மன்னித்தாயிற்று.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி, லீவு. சித்தப்பா வந்திருந்தார். துறைமுகத்தில் டக் போட்டை ஓட்டும் ஸ்ராங்காக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஆராய்ச்சியைச் சொன்னதும், "எங்க வயர்லெஸ்ல இந்த வளையற வேலையெல்லாம் கிடையாது" என்றார்.

கப்பல் கேப்டன் ஒரு நாட்டுக்காரன், மாலுமிகள் வேறு நாட்டுக்காரர்கள், பைலட் நம்மூர் ஆள். யாருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அதற்காகவே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஒரு சொல்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. நூற்றைம்பது என்று சொல்லக்கூடாது, ஒன்று-ஐந்து-சுழி. பேசுவதற்கு முன்னால் இது கேள்வியா, கட்டளையா, எச்சரிக்கையா என்று ஒரு சொல்லால் அறிவித்துவிட வேண்டும். 'மே', 'மைட்', 'ஷுட்', 'குட்', 'கேன்' எல்லாம் ஆபத்தான சொற்கள். செய்யலாம் என்றால் அனுமதியா, யோசனையா, சும்மா ஆசையா? அதற்குள் கப்பல் சுவரில் இடித்துவிடும்.

"அப்ப மரியாதை?" என்றேன்.

"மரியாதை கரையில. கடல்ல புரியறதுதான் மரியாதை."

இந்த இங்கிலீஷ் யாருடையதும் இல்லை. எல்லாரும் சமமாக வளைந்தால் வருவது. ஆனால் அதில் ஜோக் அடிக்க முடியாது, திட்ட முடியாது. சித்தப்பாவும் அதைப் பெரிய குறையாகவே சொன்னார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எண்ணூரில் அத்தை வீடு. ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பம். இறால், நண்டு, மடவை என்று ஆற்றையே நம்பி வாழ்ந்த குடும்பம். அத்தை ஒரு பழைய கதை சொன்னாள். என்னைத் தூங்க விடவில்லை அது.

ஏதோ ஒரு விரிவாக்கத்துக்காக ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம். பந்தல், மைக், மேடையில் அதிகாரிகள். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிற முறை அது: முப்பது நாளாவது முன்னறிவிப்பு தர வேண்டும், அறிக்கையின் சுருக்கத்தை இங்கிலீஷோடு மாநில மொழியிலும் தர வேண்டும், ஜனங்கள் பேசியதைத் தொகுத்து முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அத்தை பேசுவதென்று முடிவானது. மூன்று நாள் பயிற்சி. படித்த பையன் ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அத்தைக்குத் தெரிந்தது இது: முன்பெல்லாம் ஆற்றில் இறங்கினால் கால் எங்கே மணல், எங்கே சேறு என்று சொல்லும். கையால் தடவியே இறால் பிடிக்கலாம். இப்போது எங்கே வைத்தாலும் ஒரே கொழகொழ, சாம்பல் வழுக்கல். கால் வெளியே வந்தால் அரிப்பு. எந்த வளைவில் எந்த வருஷத்திலிருந்து எந்த இறால் வருவதில்லை என்று விரல் விட்டுச் சொல்லுவாள். என்னிடம் சொன்னாள், ஒரு மணி நேரம்.

மைக் முன்னால் நின்றதும் அவள் சொன்னது: "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கை தட்டினார்கள். கடைசியில் வாசித்தபோது அவளுக்கு முன்னால் பேசியவரும் பின்னால் பேசியவரும் சொன்னதோடு சேர்த்து ஒரே வரி: வாழ்வாதாரம் பாதிக்கப்படும் எனத் தெரிவித்தனர்.

தப்பு என்று சொல்ல முடியாது. அத்தை அதைத்தானே சொன்னாள்? அவர்களுக்குப் பிடித்த மாதிரிப் பேசினால் காதில் ஏறும் என்று தன்னிடம் இருந்த சரக்கையெல்லாம் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டு வெறும் படகோடு போயிருக்கிறாள். மேடையில் இருந்தவர்களில் ஒருவராவது இறங்கி, "ஆத்துல இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரமும் மினிட்ஸில் ஏறியிருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒரு வாரம் எழுதவில்லை. வேலை.

இன்று காலை பேப்பரோடு உட்கார்ந்திருந்த நைனா, "இன்னிக்கு இன்னா நாள் தெரியுமா?" என்றார். 1918-இல் இதே ஏப்ரல் 27-இல்தான் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள். தாத்தா அந்த மில்லில்தான் நெய்தார். சங்கத் தலைவர் பி.பி. வாடியா பம்பாய்ப் பார்சி. தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் பேச, இன்னொருவர் தமிழில் சொல்ல வேண்டும். சங்கத்தோடு சேர்ந்து உழைத்த திரு.வி.க.வோ சுத்தமான செந்தமிழ். தாத்தா வாலிபத்தில் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறாராம்.

"புரிஞ்சிதாமா?"

"பாதிதான் புரியும்னுவாரு. ஆனா அவரு நம்மள மாதிரி பேசிக் காட்டலியே. பெரிய மனுசங்க கிட்ட பேசறாப்லயே நம்ம கிட்டயும் பேசினாருன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சி போவாரு."

கோயம்புத்தூர்த் தம்பியின் 'இன்னாமே' நினைவுக்கு வந்தது. வளையாமல் நிற்பதும் சில நேரம் மரியாதைதான் போலிருக்கிறது. அப்படியானால் போன ஞாயிறு அத்தைக்காக நான் எழுதியது? மேடை இறங்கி வந்திருக்க வேண்டும் என்றேன். திரு.வி.க. இறங்கவில்லை, தாத்தா குறை சொல்லவில்லை. ஒருவேளை, பேசுவதற்கு இறங்க வேண்டாம், கேட்பதற்கு இறங்கினால் போதும் என்பதா? தலை சுற்றுகிறது. இந்த நோட்டையும்கூட நான் புத்தகத் தமிழில்தான் எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று?

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆபீஸ் போனில் இடம் நிறைந்துவிட்டது. பழைய பதிவுகளை அழிக்கச் சொன்னார் முதலாளி. அழிக்கும் முன் அம்மாவின் போன் கால்களை மட்டும் தனியாக எடுத்தேன். முப்பத்தொன்று. எல்லாமே அரை நிமிஷம், ஒரு நிமிஷம்.

"வேலையா இருக்கியா? சாப்டியா? சரி, அப்புறம் பேசுறேன்மா."

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. ஏழெட்டு கேட்டபின் உறைத்தது. என் அம்மா 'அப்புறம்' என்று சொல்லவே மாட்டாள். அவளுக்கு 'அப்பால'தான். 'சாப்டியா' இல்லை, 'துன்னியா'. முப்பத்தொன்றில் ஒன்றில்கூட 'இன்னா' இல்லை, 'என்ன', 'என்ன'. ஒரு பதிவில் என்னிடம் "அப்புறம் பேசுறேன்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே யாருக்கோ குரல் கொடுக்கிறாள்: "பாக்கி அப்பால வாங்கிக்கிறேன், நீ போ." இரண்டுக்கும் நடுவில் மூன்று வினாடி.

மூக்கை மூடிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணிடம் பேசிய அதே குரல்.

எப்போது தொடங்கியது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பேசினாள், இரண்டு பேர் சிரித்தார்கள். சாயந்தரம் வீட்டில் நான் சொன்னேன்: "ஆபீஸ்ல இருக்கும்போது கொஞ்சம் பாத்துப் பேசும்மா." ஒரே தடவைதான் சொன்னேன். "சரி" என்றாள். மறுபடி அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் மறந்தே போனேன்.

பதிவுகளை அழிக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோயம்புத்தூர்த் தம்பி எதிரில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். அக்கவுண்ட்ஸ் மேடம் பக்கத்தில். முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். நானே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, வேலையா இருக்கியா?"

"இல்லமா. துன்னியா நீ?"

பதில் இல்லை. காற்றுச் சத்தம், பின்னால் யாரோ நெத்திலி விலை கூவுவது.

"இன்னாமா, கேக்குதா? ஃபைபர் போட்டுல இன்னா மீன் வந்துகீது இன்னிக்கு?"

"கடம்பா கொஞ்சம்... நெத்திலி." இன்னும் ஜாக்கிரதையாகத்தான் பேசினாள்.

"எனக்குக் கடம்பா எடுத்து வை. சரி, அப்பால பேசறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"இன்னாடி, ஆபீஸ்ல யாரும் இல்லியா?"